பளுவைக் கூட்டும் முன் அசைவைப் பாருங்கள்

உழைப்பை நம்பி வாழ்வோர்க்கு உடலே முதல். அந்த முதலைப் பேணிக்கொள்ளும் எண்ணத்தோடுதான் நம் தோட்டத்து இளைஞர்கள் மாலை வேளையில் காற்பந்து ஆடுகின்றனர். கபடிக்கும் செப்பாக் தக்ராவுக்கும் அணி சேர்கின்றனர். பளு தூக்கிப் பழகுகின்றனர். மகளிர் செனாம்ரோபிக் பயிற்சியில் கலந்துகொள்கின்றனர். இவை யாவும் வரவேற்கத்தக்கன.

ஆயினும், உடலை வலுப்படுத்தச் சென்ற இடத்திலேயே உடல் பழுதுபட்டுத் திரும்புவோரும் உளர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முழங்கால் பிசகிக்கொண்டவர், திங்கட்கிழமை விடியலில் மேட்டுக்காட்டு நிரையில் ஏறி இறங்க இயலாது. அவர் வேலைக்குப் போகாத நாள்கள் குடும்பத்தின் அரிசியிலும் பிள்ளைகளின் பள்ளிச் செலவிலும் வந்து தைக்கும். ஆகவே, பயிற்சியால் வரும் காயத்தை எவ்வாறு குறைப்பது என்பது தோட்ட மக்களாகிய நமக்கு விளையாட்டுப் பேச்சன்று. பிழைப்பைப் பற்றிய பேச்சாகும்.

காயத்தை அறவே ஒழிக்க யாராலும் இயலாது. ஆனால், அதற்கான வாய்ப்பைக் குறைக்கலாம். அதற்குரிய முதற்படி, ஒருவருடைய உடல் எவ்வாறு அசைகிறது என்பதைக் கூர்ந்து பார்த்து அறிவதாகும். அதனைப் படிப்படியாகக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

அளவும் தரமும்

பால்வெட்டுத் தொழிலில் இருவகைக் கணக்கு உண்டு என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். ஒரு நாளில் எத்தனை மரம் வெட்டினார், எத்தனை கிலோ பால் கொணர்ந்தார் என்பது அளவு. வெட்டின் ஆழம் சரிதானா, சரிவு சரிதானா, பட்டை வீணாகிறதா என்பது தரம். மண்டோர் நிரையில் நின்று மரத்தை உற்று நோக்குவது தரத்தைக் காண்பதற்கே. உளி ஆழமாகச் சென்று உள்ளிருக்கும் மெல்லிய வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். அன்றைய பால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் பின்னர் அந்தப் பட்டையில் சீராக வெட்ட இயலாது.

உடற்பயிற்சியும் அவ்வாறே. எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தார், எத்தனை கிலோ தூக்கினார், எத்தனை சுற்று ஓடினார் என்பவை அளவு. உட்காரும்போது குதிகால் தரையில் நின்றதா, முழங்கால் நேராகச் சென்றதா, முதுகு வளைந்ததா என்பவை தரம். நம் இளைஞர்களிற் பலர் அளவை மட்டும் எண்ணுகின்றனர். "நேற்று இருபது கிலோ, இன்று முப்பது கிலோ" என்று மகிழ்கின்றனர். அசைவு செம்மையாக இல்லாதபோது பளுவைக் கூட்டினால், அந்தக் குறையும் பளுவோடு சேர்ந்து கூடும்.

ஓர் உறுப்பின் வேலையை மற்றோர் உறுப்பு சுமத்தல்

நம் உடலின் மூட்டுகள் சங்கிலிக் கண்ணிகளைப் போன்றவை. குந்தி உட்காரும்போது கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டு ஆகிய மூன்றும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கணுக்கால் இறுகிப்போயிருந்தால் அதன் பங்கை மற்றவை ஏற்க வேண்டியதாகிறது. குதிகால் மேலெழுகிறது; அல்லது முழங்கால்கள் உட்பக்கம் சாய்கின்றன; அல்லது இடுப்பு மடங்காமல் கீழ்முதுகு வளைகிறது. வெறும் உடம்போடு இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தால் கேடில்லை. தோளில் பளுவை ஏற்றி நூறு முறை செய்யும்போதுதான் நோவு தோன்றுகிறது. நோவு முதுகில் தோன்றினும் அதற்கு வழிவிட்ட குறை கணுக்காலில் இருக்கக்கூடும். அசைவு முழுவதையும் பார்க்க வேண்டும் என்று வல்லுநர் கூறுவது இதனாலேயே.

வெட்டுத் தொழிலாளியின் உடலுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. தாழ்ந்த வெட்டுக்குக் குனிகிறோம். உயர்ந்த வெட்டுக்குக் கழுத்தை அண்ணாந்து கைகளை உயர்த்துகிறோம். நூற்றுக்கணக்கான மரங்களுக்கு முன் ஒரே பக்கமாக உடலைத் திருப்புகிறோம். பால் நிறைந்த வாளியை ஒரு கையில் தூக்கிச் சரிவில் இறங்குகிறோம். இவ்வளவும் முடிந்த பின்னரே மாலையில் திடலுக்குச் செல்கிறோம். ஆகவே, நம் பயிற்சி ஓய்ந்திருந்த உடலில் தொடங்குவதில்லை. ஏற்கனவே ஒரு நாள் பளுவைச் சுமந்த உடலில் தொடங்குகிறது. பயிற்சித் திட்டம் வகுப்போர் இதனை மறத்தலாகாது.

ஏழு அசைவுச் சோதனை

அசைவின் தரத்தை முறையாக மதிப்பிடும் சோதனைகள் பல உள்ளன. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது, அமெரிக்க நாட்டினரான கிரே குக், லீ பர்ட்டன் ஆகியோர் 1990-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் உருவாக்கிய 'ஃபங்ஷனல் மூவ்மெண்ட் ஸ்கிரீன்' என்பதாகும். இதில் ஏழு அசைவுகள் உள: ஆழ்ந்து குந்துதல், தடையைத் தாண்டி அடியெடுத்தல், முன்பின்னாகக் கால் வைத்துத் தாழ்தல், தோள் அசைவு, படுத்தபடி நேர்க்கால் உயர்த்துதல், தரையில் கையூன்றி உடலைத் தள்ளி எழுதல், எதிரெதிர்க் கைகால்களை அசைக்கையில் உடலை நிலையாக வைத்திருத்தல்.

ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. குறையின்றிச் செய்தால் 3. ஏதேனும் ஈடுகட்டிச் செய்தால் 2. செய்ய இயலாவிடில் 1. செய்யும்போது வலி தோன்றினால் 0. மொத்தம் 21. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலியோடு ஒருவர் எவ்வளவு அழகாகச் செய்து காட்டினாலும் அவருக்குச் சுழியமே. பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதற்கு இச்சோதனையில் மதிப்பில்லை.

தோட்டத்தில் செய்து பார்க்கக்கூடிய ஐந்து சோதனைகள்

இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு நீண்ட குச்சி, ஒரு கயிறு, ஒரு தடித்த பலகை, பார்ப்பதற்கு ஒருவர் ஆகியவை போதும். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் செய்தவரும் தம் அசைவைத் தாமே காணலாம். காலணியைக் கழற்றிவிட்டு, சிறிது நேரம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் மும்முறை செய்க.

1. குந்துதல்: கால்களைத் தோளகலத்தில் வைத்து, குச்சியை இரு கைகளாலும் தலைக்குமேல் பிடித்து, மெதுவாக இயன்றவரை தாழ உட்காருக. முன்னிருந்து பார்ப்பவர், முழங்கால்கள் பாதத்திற்கு நேராகச் செல்கின்றனவா, உட்சாய்கின்றனவா என்று நோக்குக. பக்கத்திலிருந்து பார்க்கும்போது, குதிகால் தரையில் உள்ளதா, குச்சி பாதத்திற்கு நேர்மேலே நிற்கிறதா, முதுகு வளைகிறதா என்று நோக்குக. குறை தென்பட்டால் குதிகாலின்கீழ் பலகையை வைத்து மீண்டும் செய்யச் சொல்லுக. உடனே அசைவு செம்மையானால், கணுக்கால் இறுக்கம் ஒரு காரணமாயிருக்கலாம் என்று கொள்ளலாம்.

2. கயிறு தாண்டி அடியெடுத்தல்: முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே வரும் உயரத்தில் கயிற்றைக் கட்டுக. குச்சியைத் தோள்களின்மேல் கிடையாக வைத்து, ஒரு காலால் கயிற்றைத் தாண்டிக் குதிகாலால் தரையைத் தொட்டு மீளுக. பின்னர் மறுகாலாலும் செய்க. ஊன்றிய கால் தள்ளாடுகிறதா, குச்சி ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்க்க. ஓட்டம் என்பது ஒற்றைக்கால் வேலையே. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரே கால்தான் முழு உடலையும் தாங்குகிறது.

3. நேர்க்கால் உயர்த்துதல்: மல்லாந்து படுத்து, ஒரு காலை முழங்கால் மடக்காமல் உயர்த்துக. மறுகால் தரையை விட்டு எழலாகாது. உயர்த்திய காலின் கணுக்கால், தரையிலுள்ள தொடையின் நடுப்பகுதிக்கு நேர்மேலே அல்லது அதனையும் கடந்து வந்தால் நன்று. தரையிலுள்ள முழங்காலுக்கு நேர்மேலேகூட வாராவிடில், அந்தப் பக்கத்தில் பயிற்சி தேவை என்று பொருள்.

4. தோள் அசைவு: முதலில் மணிக்கட்டு மடிப்பிலிருந்து நீண்ட விரல் நுனி வரை கையின் நீளத்தை அளந்துகொள்க. இரு கைகளையும் முட்டியாக மடித்து, ஒன்றைத் தோளுக்கு மேலாகவும் மற்றொன்றைக் கீழிருந்தும் முதுகுப்பக்கம் கொண்டுசெல்க. இரு முட்டிகளுக்கும் இடைப்பட்ட தொலைவு ஒரு கை நீளத்திற்குள் இருந்தால் நன்று. ஒன்றரைக் கை நீளத்திற்குள் இருந்தால் நடுத்தரம். பக்கத்தை மாற்றியும் அளக்க. உயர்ந்த வெட்டில் நெடுநாள் வேலை செய்தோரும், பூப்பந்து ஆடுவோரும் இதனைத் தவறாமல் செய்து பார்த்தல் நன்று.

5. குதித்து இறங்குதல்: இது அந்த ஏழில் சேர்ந்ததன்று, ஆனால் காற்பந்து ஆடுவோர்க்கு இன்றியமையாதது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரமுள்ள படியிலிருந்து இரு கால்களாலும் முன்னே குதித்து இறங்குக. முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தாலோ, காலை மடக்காமல் 'தொப்'பென்று விறைப்பாக இறங்கினாலோ குறித்துக்கொள்க. முழங்காலின் உள்ளே உள்ள சிலுவைத் தசைநார் அறுபடுவது, பெரும்பாலும் எதிராளி மோதியதால் அன்று. குதித்து இறங்கும்போதும் ஓடும் வேகத்தில் சட்டெனத் திரும்பும்போதும் முழங்கால் உட்சாய்ந்து முறுக்கிக்கொள்வது அதற்கு ஒரு காரணமாகும்.

ஒவ்வொரு சோதனையிலும் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே எழுதிக்கொள்க. இரு பக்கமும் ஓரளவு இறுக்கமாயிருப்பது ஒரு செய்தி. ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மிகக் குறைவாகவும் இருப்பது மற்றொரு செய்தி. பின்னதைக் கண்டால், அந்தப் பக்கத்தில் முன்பு காயம் பட்டதுண்டா என்று கேட்க.

மதிப்பெண் சோதிடமன்று

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூறல் வேண்டும். 2007-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் காற்பந்து எனப்படும் ஆட்டத்தின் தொழில்முறை வீரர்களுள், ஏழு அசைவுச் சோதனையில் 14 அல்லது அதற்குக் குறைவாகப் பெற்றோர் கடுங்காயம் அடையும் வாய்ப்பு மிகுந்திருந்தது. இதனால் '14-க்குக் கீழே ஆபத்து' என்னும் எண்ணம் எங்கும் பரவியது. ஆனால், பிற்காலத்தில் பல்வேறு ஆட்டக்காரர்களிடையே நடந்த ஆய்வுகளில் அந்த எல்லைக்கோடு உறுதிப்படவில்லை. கூடுதல் மதிப்பெண் பெற்றோரும் காயப்பட்டனர். குறைவாகப் பெற்றோருட் பலர் நலமாக ஆடினர். நார்வே நாட்டு விளையாட்டு மருத்துவ வல்லுநர் ரோல்டு பார், 2016-இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய சோதனைகள் இன்னாருக்குத்தான் காயம் வரும் என்று முன்கூட்டி அறிவிக்க வல்லவை அல்ல என்று விளக்கினார்.

காரணம் எளிது. காயம் ஒன்றால் மட்டும் விளைவதில்லை. முன்பு பட்ட காயம், பயிற்சியைத் திடீரெனக் கூட்டுதல், உறக்கக் குறைவு, களைப்பு, திடலின் பள்ளம், எதிராளியின் மோதல் ஆகிய யாவும் சேர்ந்தே அதனை விளைவிக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றைக் குச்சியும் கயிறும் காட்டமாட்டா.

அவ்வாறாயின் சோதனை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பயன் மூன்று. முதலாவது, வலியை மறைத்துக்கொண்டு பயிற்சிக்கு வருவோரை அது வெளிக்காட்டுகிறது. இரண்டாவது, ஒவ்வொருவரும் எந்த அசைவிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம் என்று காட்டுகிறது. மூன்றாவது, சில வாரங்களுக்குப் பின் முன்னேற்றத்தை அளந்து பார்க்க ஓர் அளவுகோலாகிறது. இம்மூன்றுக்கு அப்பால் அதனைப் பயன்படுத்தலாகாது. குறைந்த மதிப்பெண் பெற்றவரை அணியிலிருந்து நீக்குவதும், பலர்முன் அவருடைய எண்ணைப் படித்து நகைப்பதும் தவறு. மகளிர்க்கு மகளிரே சோதனை நடத்துதல் முறை.

கண்ட குறையை எவ்வாறு களைவது?

குறை கண்டதும் பயிற்சியை நிறுத்திவிட வேண்டியதில்லை. வலியில்லாதவரை, பளுவைக் குறைத்து, அசைவை எளிதாக்கித் தொடரலாம். குந்தும்போது முழங்கால் உட்சாய்பவர், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தெழுந்து பழகுக; பின்னர் ஒரு பெஞ்சைத் தொட்டு எழுக; பின்னரே பிடியின்றிச் செய்க. கணுக்கால் இறுகியவர், சுவரை நோக்கி நின்று, குதிகாலை எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பழகுக. கால்விரலைச் சுவரிலிருந்து சிறிது சிறிதாகப் பின்னுக்கு நகர்த்துக. ஒற்றைக்காலில் தள்ளாடுபவர் நாள்தோறும் ஒவ்வொரு காலிலும் அரை நிமிடம் நின்று பழகலாம். குதித்து இறங்குவதில் குறையுள்ளவர், தாழ்ந்த படியிலிருந்து மெதுவாக, ஓசையின்றி இறங்கப் பழகுக.

நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிக்க. அசைவு செம்மைப்பட்டபின் பளுவைச் சிறிதளவு கூட்டுக. பளு, தடவை, நாள் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டுதல் வேண்டா. வேலை மிகுந்த வாரத்தில் பயிற்சியைக் குறைத்துக்கொள்வதும் அறிவுடைமையே.

தனியாள் திருத்தத்தைப் போலவே, அணி முழுவதும் சேர்ந்து செய்யும் ஆயத்தப் பயிற்சியும் பெரும்பயன் தரும். காற்பந்து அணிகளுக்கென 2006-இல் உருவாக்கப்பட்ட 'ஃபீஃபா 11 பிளஸ்' என்னும் திட்டம் இதற்குச் சான்று. அதில் 15 பயிற்சிகள் உள; மொத்தம் ஏறத்தாழ 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெதுவோட்டம். அடுத்த 10 நிமிடம் வலிமை, சமநிலை, குதிப்புப் பயிற்சிகள். இறுதி 2 நிமிடம் விரைவோட்டம். முழங்கால் பாதத்திற்கு நேராக இருத்தல் வேண்டும் என்பது அதில் திரும்பத் திரும்ப வற்புறுத்தப்படுகிறது.

நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 பெண் ஆட்டக்காரர்களிடையே எட்டு மாதப் பருவம் முழுவதும் இத்திட்டம் ஆராயப்பட்டு, 2008-இல் முடிவு வெளியிடப்பட்டது. திட்டத்தைப் பின்பற்றிய குழுவில், கடுமையான காயங்களும், ஓயாத பயன்பாட்டால் வரும் காயங்களும் ஏறத்தாழப் பாதியளவு குறைந்திருந்தன. அடிக்கடி செய்த அணிகளில் காயம் மேலும் குறைவாயிருந்தது. இதனால் நாம் அறிவது யாது? யாருக்குக் காயம் வரும் என்று ஆளைத் தேடுவதைவிட, எல்லாரும் நல்ல அசைவைப் பழகுவதே சிறந்தது. நம் தோட்ட அணிகளும் வாரம் இருமுறையேனும் ஆட்டத்திற்குமுன் இருபது நிமிடத்தை இதற்கென ஒதுக்கலாம். காலையில் குனிந்து நிமிர்ந்த உடலை ஆட்டத்திற்கு அணியப்படுத்தவும் அது உதவும்.

மருத்துவரை நாட வேண்டிய குறிகள்

கீழ்க்காணும் குறிகள் தோன்றினால் சோதனையும் வேண்டா, பயிற்சியும் வேண்டா. தோட்ட மருத்துவ உதவியாளரிடமோ அரசாங்க மருத்துவ நிலையத்திற்கோ செல்க.

முழங்கால் முறுக்கிக்கொண்ட சில மணி நேரத்திற்குள் வீங்குதல்; நடக்கையில் முழங்கால் நழுவுவது போலிருத்தல், அல்லது மடக்க நீட்ட இயலாமல் பூட்டிக்கொள்ளுதல்; காலை ஊன்றி நான்கடி வைக்க இயலாமை; முதுகு வலியோடு கால் மரத்துப்போதல், காலில் வலுக் குறைதல்; இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி. முதுகு வலியோடு சிறுநீர், மலம் அடக்க இயலாமற் போனாலும், பயிற்சியின்போது நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் தோன்றினாலும் சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

"உருவிவிட்டால் சரியாகும்" என்று வீங்கிய மூட்டைப் பலங்கொண்டு உருவுவதும், வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஆட்டத்தில் இறங்குவதும் சிறு பழுதைப் பெரும் பழுதாக்கக்கூடும்.

நினைவிற் கொள்க

அசைவைச் செம்மையாக்கிய பின்னரே பளுவைக் கூட்டுக. இடம், வலம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க. வலி தோன்றிய இடத்தில் நிறுத்துக. மதிப்பெண்ணைக் கொண்டு ஆளை ஒதுக்காமல், அவருக்கேற்ற பயிற்சியைத் தேர்ந்தெடுக்க. ஆட்டத்திற்குமுன் ஆயத்தப் பயிற்சியைத் தவறாது செய்க.

பயிற்சி வினாக்கள்

1. பால்வெட்டில் அளவையும் தரத்தையும் தனித்தனியே பார்ப்பது போல, குந்தி எழும் பயிற்சியில் இரண்டையும் எவ்வாறு பிரித்துப் பார்ப்பீர்கள்?

2. குந்தும்போது ஒருவருடைய குதிகால் மேலெழுகிறது. பலகை வைத்ததும் அசைவு சரியாகிறது. அவருக்கு எந்தப் பயிற்சியை முதலில் கூறுவீர்கள்?

3. ஓர் ஆட்டக்காரர் எல்லா அசைவுகளையும் நன்றாகச் செய்கிறார். ஆனால் குதித்து இறங்கும்போது வலப்புற முழங்காலில் வலி என்கிறார். வரும் ஞாயிறு இறுதியாட்டம். அணித் தலைவர் என்ற முறையில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

மூன்றாம் வினாவை உங்கள் இளைஞர் மன்றக் கூட்டத்தில் எல்லாருமாகப் பேசி விடை காணுங்கள். ஒரு கோப்பையை இவ்வாண்டு இழந்தால் அடுத்த ஆண்டு வெல்லலாம். முழங்கால் அத்தகையதன்று.